இன்னும் ஒரு வெயில்

சித்திரை மாதம் எங்கள் தெருவில் வெளியூர்க்காரர்களைக் கண்டுபிடிப்பது சுலபம். தும்முகிறவர்கள் எல்லாம் வெளியூர். உள்ளூர்க்காரர்களுக்கு மிளகாய் நெடி பழகிப்போயிருந்தது. சாத்தூரில் அப்பா மாவு மில் வைத்திருந்தார். வீட்டின் முன்பாதி மில், பின்பாதி நாங்கள். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள், “உன் நோட்டுல மல்லி வாசம் அடிக்குது” என்பாள். சொல்லிவிட்டு இடம் மாறாமலும் இருப்பாள். அவள் வீட்டு மல்லியும் எங்கள் மில்லில்தான் அரைபட்டது.

1970-களின் கடைசி, 80-களின் தொடக்கம். ஒரு வருஷத்துக்கு வேண்டிய சாமானை ஒரே கோடையில் காயவைத்துப் பொடித்துப் பானையிலும் சாடியிலும் அடைத்துவைப்பது எல்லா வீட்டிலும் நடந்த காரியம். அதைச் சிக்கனம் என்றோ சாமர்த்தியம் என்றோ யாரும் சொல்லிக்கொண்டதில்லை. மாசி, பங்குனியில் காட்டிலிருந்து வத்தல் வரும், புளி வரும். மல்லி அதற்குச் சற்று முன்பே வந்துவிடும். விலை அப்போதுதான் இறங்கும், வெயிலும் அப்போதுதான் ஏறும். ஐப்பசியில் வாங்கிக் காயவைத்துக்கொள்ளலாம் என்று யாரும் தள்ளிப்போட முடியாது. விளைச்சலும் விலையும் வெயிலும் சேர்ந்து வாய்க்கிற அந்த இரண்டு மூன்று மாதத்துக்குள் வேலையை முடித்தாக வேண்டும். முடிக்காத வீட்டில் மழைக்காலத்துக் குழம்பு கடன் வாங்கிய பொடியில் கொதிக்கும்.

எங்கள் பக்கத்து வெயிலைப் பற்றி வெளியிலிருந்து வருகிறவர்கள் புலம்பாமல் போனதில்லை. கரிசல் பூமி, மழை குறைவு, காற்றில் ஈரமும் குறைவு. சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டி வட்டாரத்தில் தீப்பெட்டியும் பட்டாசும் வேரூன்றியதற்கு அந்த வறண்ட வானமும் ஒரு காரணம். மருந்து முக்கிய குச்சி காய வேண்டும், திரி காய வேண்டும், பசை தடவிய தாள் காய வேண்டும். தீப்பெட்டி ஆபீஸில் வேலை முடிந்து, விரல்களில் பசை உரிந்துகொண்டிருக்க, வத்தல் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு சாயங்காலம் பெண்கள் மில்லுக்கு வருவார்கள். காய்ந்ததா, காயவில்லையா என்கிற கேள்வியோடுதான் அவர்களுக்குப் பகலும் போகும், அடுப்படியும் போகும்.

மில்லில் இரண்டு மெஷின் இருந்தன. ஒன்று அரிசி, கோதுமை, கேழ்வரகுக்கு. மற்றது வத்தல், மல்லி, மசாலாவுக்கு. ஒன்றில் அரைப்பதை இன்னொன்றில் போட அப்பா விடமாட்டார். சீயக்காய் கொண்டுவந்தால் வாங்கவே மாட்டார், வேறு மில்லுக்கு வழி சொல்லி அனுப்புவார். “சீயக்கா ஏறின கல்லுல மசாலா ஏறிச்சுன்னா குழம்பு நுரைக்கும்” என்பது அவர் சொல்லும் காரணம். நுரைத்து நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தப் பயம் ஊர் முழுக்கப் பரவி மில்லுக்கு நல்ல பேர் வாங்கிக் கொடுத்தது.

அரைப்பது பெரிய வித்தையில்லை என்று அப்பாவே சொல்வார். கல்லை இறுக்கும் திருகை எவ்வளவு திருப்புவது, எவ்வளவு வேகமாக மேலிருந்து விடுவது, அவ்வளவுதான். கல் மழுங்கிவிட்டால் பொடி சூடாகும். அப்போது உளியோடு ஆள் வந்து கல்லைக் கொத்திக் கொடுத்துவிட்டுப் போவார். மல்லியின் மணம் அதிலிருக்கும் எண்ணெயில் இருக்கிறது, சூடு பட்டால் பறந்துவிடும். இன்றைக்குப் பெரிய ஆலைகளில் திரவ நைட்ரஜனால் குளிரவைத்து அரைக்கிற முறை வந்திருக்கிறது. அப்பாவிடம் இருந்த முறை, கல்லைத் தளர்த்தி மல்லியை இரண்டு ஓட்டம் விடுவது. அதனால் நேரமாகும், கரண்ட் கூடுதலாக இழுக்கும். கூலியில் கூட்டிக் கேட்க முடியாது. இருந்தும் அப்படித்தான் அரைத்தார்.

விரலி மஞ்சளை அப்படியே மெஷினில் போட முடியாது. கல்லையே தின்றுவிடும். வீட்டில் உரலில் போட்டு உலக்கையால் இடித்துத் துண்டாக்கிக் கொண்டுவர வேண்டும். இடிக்காமல் கொண்டுவருகிறவர்களுக்காக மில் வாசலில் ஒரு உரலும் உலக்கையும் கிடந்தன. இடித்துக்கொண்டே பேசிய பேச்சுகளில்தான் ஊரின் பாதி வரன்கள் முடிவாகின என்று அம்மா சொல்வாள்.

ஆனால் அரைப்பதற்கு முன்னால் ஒரு பரீட்சை உண்டு. அதில்தான் அப்பா கறார். பெட்டி இறங்கியதும் தராசுக்குப் போகாது, முதலில் கைக்குப் போகும். வத்தலை ஒன்று எடுத்துக் காதோரம் குலுக்குவார். விதை கலகலவென்று சத்தம் போட வேண்டும். அடுத்தது காம்பு, ஒடித்தால் படக்கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் உள்ளே ஈரம். மல்லியை உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் தேய்ப்பார், இரண்டாகப் பிளந்தால் சரி, நசுங்கினால் இல்லை. மஞ்சளைத் தரையில் போட்டு சத்தம் கேட்பார். கறிவேப்பிலையைக் கசக்கினால் சருகு நொறுங்குகிற ஓசை வர வேண்டும். இத்தனையும் தேறாவிட்டால், “ஏ தாயி, இன்னும் ஒரு வெயில் போட்டு எடுத்துட்டு வா.”

“அண்ணாச்சி, நேத்தும் காஞ்சிருக்கு, முந்தாநாளும் காஞ்சிருக்கு. இதுக்கு மேல காஞ்சா கருகிப்போகும்.”

“கருகாது. இந்தா, காம்பப் பாரு. கயிறு மாதிரி வளையுது.”

திருப்பி அனுப்பினால் அன்றைய கூலி போச்சு. பக்கத்துத் தெருவில் இன்னொரு மில் இருந்தது, அங்கே கேள்வி கேட்காமல் அரைத்துக் கொடுப்பார்கள். சிலர் கோபித்துக்கொண்டு அங்கே போனதும் உண்டு. அப்பா அசையவில்லை. ஈரப் பொடி இவர் கண்ணெதிரில் கெடாது, கெடுவதற்கு ஆடி, ஆவணி ஆகும். அப்போது டின்னைத் திறந்து பார்க்கிறவள் வெயிலையா திட்டுவாள், மில்லைத்தான் திட்டுவாள் என்பது அவர் கணக்கு.

அந்தக் கைப் பரீட்சைக்குப் பின்னால் இருந்த கணக்கை வெகுகாலம் கழித்துத்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். பழுத்த மிளகாயில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். அது நூற்றுக்குப் பத்து, பதினொன்று என்ற அளவுக்கு இறங்கினால்தான் வத்தல் வருஷக்கணக்கில் நிற்கும். அதற்கு மேல் ஈரம் இருந்தால் பூசணம் பிடிக்கும். பூசணத்தில் சில வகை அஃப்ளடாக்சின் என்கிற நஞ்சை உண்டாக்கும். அது ஈரலைத் தாக்கும், கொதிக்கவைத்தாலும் அழியாது. 1960-ல் இங்கிலாந்தில் வான்கோழிகள் லட்சத்துக்கு மேல் மாண்டுபோய், தீவனத்தில் இருந்த கடலைப் பிண்ணாக்கைத் துருவிப் பார்த்தபோதுதான் விஞ்ஞானிகளுக்கு அந்த நஞ்சு தென்பட்டது. முழு வத்தலில் பூசணம் இருந்தால் கண்ணுக்குத் தெரியும். பொடியாக்கிவிட்டால் கடவுளுக்குத்தான் தெரியும். வெயில் சரியாகக் கிடைக்காமல் நிறம் வெளிறிப்போன சண்டு வத்தலை மலிவாக வாங்கி வந்து, “பொடிக்குத்தானே, அரைச்சிட்டா யாருக்குத் தெரியும்” என்று ஹோட்டல்காரர் ஒருவர் கேட்டதும், அப்பா அந்த மூட்டையைத் தானே தூக்கி அவர் சைக்கிள் கேரியரில் வைத்ததும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அஃப்ளடாக்சின் என்ற சொல்லை அப்பா கேட்டிருக்க வாய்ப்பே இல்லை.

மில்லில் ஒரு கணக்கு நோட்டு உண்டு. மாதக் கடைசியில் கூலி கொடுக்கிற வீடுகளுக்காக வைத்தது. மேலத்தெரு டீச்சர் வீடு, ரயில்வே லயன் வீடு, நிப்புப் பட்டறை வீடு என்று தலைப்புப் போட்டு வத்தல் இத்தனை, மல்லி இத்தனை என்று எழுதியிருக்கும். வத்தல் ஒன்றுக்கு மல்லி இரண்டு என்பது பொதுவான விகிதம். அதற்குள் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பிடிவாதம். ஒரு வீட்டில் வெந்தயம் தூக்கல், ஒரு வீட்டில் துவரம்பருப்பும் அரிசியும் வறுத்துச் சேர்ப்பார்கள், இன்னொரு வீட்டில் சீரகம் இருந்தால் பொடியையே ஒதுக்கிவிடுவார்கள். துணிக்குழாயின் வழியாக விழுகிற பொடியின் வாசனையை வைத்து அது யார் வீட்டுப் பொடி என்று எங்கள் மில்லில் வேலை பார்த்த பாண்டி மாமா சொல்லிவிடுவார். வேலைக்கு இறங்கும் முன் கை முழுக்கத் தேங்காய் எண்ணெய் பூசிக்கொள்வார். மிளகாயின் காரம் தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். எரிச்சல் எடுத்த பிறகு கை கழுவிப் புண்ணியமில்லை.

அந்த நோட்டைத் திருப்பினால் ஊரின் குடும்பக் கதைகளைப் படித்துவிடலாம். மருமகள் வந்த வருஷம் மல்லி ஏறும். பையன்கள் பம்பாய்க்குப் போன வருஷம் எல்லாம் பாதியாகும். பிறகு தபாலில் கேட்டு எழுதுவார்கள் போல, மறுவருஷம் பழைய அளவுக்கே திரும்பும். வருகிற வருஷம் இந்த வீட்டில் எத்தனை வாய், எத்தனை விருந்தாள், எத்தனை விசேஷம் என்று யோசித்துத்தானே ஒருத்தி வத்தல் நிறுத்து வாங்குகிறாள். பங்குனியில் புருஷனைப் பறிகொடுத்த ஒரு அம்மா, அந்தச் சித்திரையில் முந்தைய வருஷ எடையையே கொண்டுவந்து இறக்கினார். அப்பா ஒன்றும் கேட்கவில்லை, அரைத்துக் கொடுத்தார். மறுவருஷம் அந்த அம்மா கொண்டுவந்தது பாதி.

எங்கள் வீட்டு மாடியில் ராஜ்ஜியம் ஆச்சியுடையது. வத்தலில் அவள் இரண்டு ரகம் வாங்குவாள். நீட்டு வத்தல் பொடிக்கு, ராமநாதபுரம் குண்டு தாளிக்க. அந்தக் குண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கொடுத்திருக்கிறார்கள். ஆச்சி அதற்கு எந்தக் காலத்திலோ தனிச் சாடி கொடுத்திருந்தாள். மிளகாய் முடிந்ததும் காய்கறி. சீனியவரைக்காயைக் காம்பு கிள்ளி உப்பு வெந்நீரில் ஒரு கொதி விட்டுக் காயப்போடுவாள். சுண்டைக்காயைத் தட்டி மோரில் போடுவாள். மாங்காயை வகிர்ந்து உப்பில் ஊறவைத்து மாவத்தல் போடுவாள். எனக்கு உசத்தி மிதுக்கு வத்தல்தான். மழைக்குப் பிறகு கரிசல் காட்டில் தானாகப் படருகிற சின்னக் காய் அது. பச்சையில் வாயில் வைக்க முடியாத கசப்பு. நறுக்கி உப்பு மோரில் ஊறவைத்து, காலையில் எடுத்துக் காயவைத்து, சாயங்காலம் திரும்ப அதே மோரில் போட்டு, மோர் வற்றும்வரை இப்படியே. எண்ணெயில் பொரித்தால் கசப்பு ஒரு ஓரமாக ஒதுங்கிக்கொண்டு, மோரின் புளிப்பும் உப்பும் முன்னால் வரும். இன்றைக்குச் சென்னைக் கடைகளில் அதைக் கேட்டால் சுண்டைக்காயை எடுத்து நீட்டுகிறார்கள்.

கூழ் வத்தல் போடுகிற அன்று வீட்டில் யாருக்கும் தூக்கம் இருக்காது. விடியும் முன்பே அரிசி மாவைக் கிண்டி, பச்சை மிளகாயும் சீரகமும் சேர்த்து, ஈர வேட்டியை மாடியில் விரித்துக் கரண்டியால் ஊற்றிவிட வேண்டும். வெயில் ஏறிவிட்டால் தரையில் கால் வைக்க முடியாது. காக்கா விரட்டுவது பிள்ளைகள் வேலை. அதற்குக் கூலி, ஓரம் காய்ந்து நடு காயாத அரைவத்தல். முழுதாகக் காய்ந்த வத்தலைவிட அதுதான் ருசி என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடே இருந்ததில்லை. பெரியவர்களுக்கும் அது தெரியும். ஒரு மூலையை எங்களுக்காகக் கொஞ்சம் தடிமனாக ஊற்றியிருப்பார்கள்.

தாளிப்பு வடகம் பிற்பாடுதான் எங்கள் வீட்டுக்கு வந்தது. சித்தி தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தபோது அதையும் கொண்டுவந்தாள். சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் ஒன்றிரண்டாக இடித்து, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள்பொடி, கல்லுப்பு, கறிவேப்பிலை சேர்த்து, விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து பானையில் மூடிவைப்பாள். மறுநாள் பிழிந்து பாயில் உதிர்த்துக் காயப்போடுவாள். சாயங்காலம் காய்ந்ததை எல்லாம் பிழிந்த சாற்றிலேயே திரும்பக் கலப்பாள். சாறு முழுக்க உள்ளே போகும்வரை, ஒரு வாரமோ அதற்கு மேலுமோ இதே வேலை. கடைசியில் உருண்டை பிடிப்பாள். வீடு முழுக்க அந்த வெங்காய நாற்றம். ஆச்சி முதல் வருஷம் மூக்கைப் பொத்திக்கொண்டு, “இது என்னடி, கெட்டுப்போனதைக் காயவைக்கே” என்று கேட்டாள். கார்த்திகை மழையில் வெங்காயம் கிடைக்காத ஒரு நாள் அந்த உருண்டையில் ஒரு கிள்ளு உதிர்த்துக் கீரைக்குத் தாளித்துப் போட்டாள் சித்தி. அடுத்த சித்திரையில் ஆச்சியே இரண்டு படி வெங்காயம் கூடுதலாக வாங்கிப் போட்டாள், எதற்கு என்று சொல்லாமல்.

அடைத்துவைப்பதில் ஒரு சட்டதிட்டம் இருந்தது. மில்லிலிருந்து வந்த பொடியை அப்படியே மூடக் கூடாது. பேப்பரில் பரப்பி ஆறவிட வேண்டும், சூட்டோடு மூடினால் உள்ளேயே வியர்த்துக் கட்டி தட்டும். ஆறியதில் கொஞ்சம் ஹார்லிக்ஸ் பாட்டிலுக்கு, அது அன்றாடத்துக்கு. மீதி பிஸ்கட் டின்னில், அதுதான் கையிருப்பு. டின்னைத் திறக்கிற உரிமை ஆச்சிக்கு மட்டும். மழை நாளில் திறக்கமாட்டாள், ஈரக்கையோடு யாரும் பக்கத்தில் போகக் கூடாது. புளியைக் கொட்டை எடுத்துக் கல்லுப்புப் போட்டு மண்பானையில் அமுக்குவாள். முழுத் துவரையைச் செம்மண் கரைசலில் புரட்டிக் காயவைத்துத் திருகையில் உடைப்பார்கள். மண் பூசினால் தொலி சுலபமாகக் கழலும், வண்டும் அண்டாது. உடைத்த பருப்புக்கு விளக்கெண்ணெய் தடவுவாள். பருப்பின் மேல் வண்டு இடுகிற முட்டையை அந்த எண்ணெய்ப் படலம் மூச்சுவிட விடாது. அரிசிக்குள் வசம்பும் வேப்பிலையும். தை பிறந்து வெயில் வந்ததும் எல்லாவற்றையும் ஒரு தடவை வெளியே எடுத்துக் காட்டி உள்ளே வைப்பாள்.

பாக்கெட் பொடி எங்களை ஒரே நாளில் வந்து அடிக்கவில்லை. ஈரோட்டில் மஞ்சள் வியாபாரமாக 1970-களின் நடுவில் தொடங்கிய சக்தி மசாலா பலசரக்குக் கடை அண்ணாச்சிகளின் கம்பியில் மெல்ல மெல்லத் தொங்க ஆரம்பித்தது. 1995-க்குப் பிறகு ஆச்சி மசாலாவும் சேர்ந்துகொண்டது. எங்கள் ஆச்சி அப்போது உயிரோடு இல்லை, இருந்திருந்தால் பேரைப் பார்த்துச் சண்டைக்குப் போயிருப்பாள். அப்பா ஒரு பாக்கெட் வாங்கி வந்து, வெள்ளைத் தாளில் கொட்டி, விரலால் தேய்த்து, நாக்கில் வைத்துப் பார்த்தார். “நல்லாத்தான் அரைச்சிருக்கான். யாரு வீட்டுக்கு அரைச்சான்னுதான் தெரியல” என்றார். அதில் கோபம் இல்லை. தீப்பெட்டி ஆபீஸுக்கும் வெடி ஆபீஸுக்கும் போய்விட்டு வந்து, மாடி இல்லாத வாடகை வீட்டில் ஒருத்தி எங்கே வத்தல் காயப்போடுவாள் என்று அவரே கேட்டவர்தான். பாக்கெட்டைக் குறை சொல்கிறவர்கள் பெரும்பாலும் தாங்கள் வெயிலில் நின்றவர்கள் இல்லை, காய்ந்து வந்ததைச் சாப்பிட்டவர்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கல்யாணமாகிச் சென்னைக்கு வந்த பிறகுதான், எங்கள் ஊர் வெயில் எவ்வளவு பெரிய சொத்து என்று புரிந்தது. இங்கேயும் கத்திரி வெயில் கொளுத்துகிறது. ஆனால் கடல் பக்கத்தில் இருக்கிறது. மதியம் மொறுமொறுப்பாக இருந்த வத்தல் இரவுக்குள் காற்றிலிருந்து ஈரத்தை வாங்கிக்கொண்டு துவண்டுவிடும். ஜாபர்கான்பேட்டையில் நாங்கள் இருந்த அடுக்குமாடியின் மொட்டை மாடிச் சாவி சங்கச் செயலாளரிடம். காயப்போட அனுமதி உண்டு, அழுக்குத் துணிக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில். அதனால் பொடியை ஊரிலிருந்தே கொண்டுவருவதும், இங்கே வேறு விதமான கையிருப்பு வைத்துக்கொள்வதும் பழக்கமாயிற்று.

அந்த வேறு விதத்தில் சிலவற்றை ஆச்சி ஒப்புக்கொண்டிருப்பாள். முருங்கைக்கீரையும் கறிவேப்பிலையும் நிழலில் உலர்த்திப் பொடிப்பேன். மின்விசிறிக்குக் கீழே செய்தித்தாளில் பரப்பினால் போதும். கீரைக்கு வெயில் ஆகாது, பச்சை போய்விடும், சத்தும் குறையும். சுக்கு எப்போதும் உண்டு. இஞ்சியைக் காயவைத்தால் அது வேறொரு சாமானாகவே ஆகிவிடுகிறது என்பதை நம் ஆட்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். வெங்காயத் தூளை ஒரு சிநேகிதி அறிமுகம் செய்தாள். குஜராத்தில் பாவ்நகர் மாவட்டத்து மஹுவாவில் வெள்ளை வெங்காயத்தைச் சீவி உலர்த்தும் ஆலைகள் நிறைய. அங்கிருந்து வெளிநாடுகளுக்கே போகிறது. கிரேவி கெட்டியாக நல்லதுதான். தாளிக்க ஆகாது, எண்ணெயில் விழுந்ததும் கருகும். பூண்டுத் தூள் எனக்குப் பிடிக்கவில்லை, காரணம் கேட்காதீர்கள். தக்காளித் தூள் சென்னைக் காற்றில் ஒரே வாரத்தில் பாறையாகிவிட்டது. அதிலிருக்கும் சர்க்கரை ஈரத்தை இழுக்கும். புளி இருக்கிற வீட்டில் அது எதற்கு என்று விட்டுவிட்டேன்.

பால் பவுடர் மட்டும் எப்போதும் இருக்கும். எருமைப்பாலைப் பவுடராக்க முடியாது என்று வெளிநாட்டு நிபுணர்கள் கைவிரித்தபோது, ஹரிசந்த் மேகா தலாயா என்கிற பொறியாளர் செய்து காட்ட, 1955-ல் ஆனந்தில் அதற்கான ஆலையே தொடங்கியது. ஒரு லிட்டர் பாலில் ஏறக்குறைய 120, 130 கிராம் பவுடர்; மீதியெல்லாம் தண்ணீர். டீக்கு நன்றாக இருக்காது என்று என் கணவர் அந்த டப்பாவைப் பல வருஷம் இளக்காரமாகப் பார்த்தார்.

2015 டிசம்பர் முதல் தேதி இரவு அடையாறு கரை தாண்டியது. எங்கள் தெருவில் கழுத்தளவு தண்ணீர், நாங்கள் இரண்டாவது மாடி. கரண்ட் போயிற்று, செல்போனும் போயிற்று. ஃபிரிட்ஜில் இருந்ததெல்லாம் கெட ஆரம்பித்தது. காய்கறியைத்தான் முதலில் முடித்தோம். கீழ்த்தளத்துக் குடும்பங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேலே வந்துவிட்டன. கேஸ் சிலிண்டர் இருந்தது, மழைத்தண்ணீரைப் பிடித்துக் கொதிக்கவைத்தோம். அரிசி இருந்தது. பாக்கி எல்லாம் என் அலமாரியில் இருந்து. முதலில் பருப்புப்பொடி சாதம். அடுத்து சுண்டை வத்தல் குழம்பு, தொட்டுக்கொள்ளக் கூழ் வத்தல். வெங்காயம் தீர்ந்த பிறகு, சித்தி கொடுத்தனுப்பிய வடகத்தை உதிர்த்துத் தாளித்து ஒரு ரசம். கீழ்வீட்டுப் பாட்டி ஒருத்தர், கும்பகோணம் பக்கம், அந்த வாசனைக்கு எழுந்து உட்கார்ந்து, “யாரு வடகம் போட்டா?” என்று கேட்டார். கைக்குழந்தை ஒன்றும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிலரும் இருந்தார்கள். தண்ணீர் வடிந்த தெருக்களில் ஒரு பாக்கெட் பால் நூறு ரூபாய்க்குப் போகிறது என்று பேசிக்கொண்டார்கள். பெரிய பிள்ளைகளுக்கும் டீக்கும் என் பவுடர் டப்பாதான். என் கணவர் அந்த டீயை இரண்டு டம்ளர் குடித்தார், விமர்சனம் ஏதும் வரவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் கட்டடத்தில் பலரும் கையிருப்பு வைக்கத் தொடங்கினார்கள். எதிர்வீட்டுத் தம்பி கம்ப்யூட்டரில் பட்டியல் போட்டு, எல்லாவற்றையும் கிலோக்கணக்கில் வாங்கி அடுக்கினான். ஆறு மாதம் கழித்து அவன் மனைவி என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள்: கடலை மாவில் வண்டு, மல்லிப்பொடியில் வாசனையே இல்லை. பொடியாக்கிய எதுவும் முழுதாக இருந்தபோது நின்ற காலத்துக்கு நிற்காது. காற்றுப்படுகிற பரப்பு கூடிவிடுகிறதே. அவளுக்குச் சொன்னது இவ்வளவுதான்: மிளகு, சீரகம், மல்லி முழுசாக வாங்கு, வேண்டியபோது பொடி செய்துகொள். மாவு வகை மாதத்துக்கு மேல் வேண்டாம். மஞ்சளையும் மிளகாயையும் வெளிச்சம் படாமல் வை, நிறம் வெளுக்கும். சாப்பிடாததை வாங்கி அடுக்காதே. வெள்ளம் வந்தாலும் உன் பிள்ளை ஓட்ஸ் சாப்பிடமாட்டான்.

அப்பா போன பிறகு மில் கைமாறியது. வாங்கியவர் கல் மெஷினைக் கழற்றிவிட்டுப் புதிது போட்டிருக்கிறார், சத்தம் குறைவு, வேகம் அதிகம். ஊருக்குப் போகும்போது நான் இன்னும் அங்கேதான் அரைக்கிறேன். அவர் வத்தலைக் குலுக்கிப் பார்ப்பதில்லை, எடை போட்டு நேரே கொட்டுகிறார். அதனால் தராசில் வைக்கும் முன் நானே ஒரு காம்பை ஒடித்துப் பார்த்துக்கொள்கிறேன். போன பங்குனியில் பக்கத்தில் வரிசையில் நின்ற பெண் அதைப் பார்த்துவிட்டுத் தன் பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினாள். “அக்கா, இது ஆகுமா?” வளைந்தது. சொன்னேன். முகம் சுருங்க, பையைத் தூக்கிக்கொண்டு போனாள். மில்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

பெங்களூரில் இருக்கிற மகள் இந்த வருஷம் காயவைக்கிற மின்சாரப் பெட்டி ஒன்று வாங்கியிருக்கிறாள். தட்டுத் தட்டாக அடுக்கி, சூட்டையும் நேரத்தையும் அமுக்கிவிட்டுத் தூங்கப் போய்விடலாமாம். அதில் பாகற்காய் போட்டுப் படம் அனுப்பியிருந்தாள். நிறம் அழகாக இருந்தது, காக்காயும் இல்லை தூசியும் இல்லை. நல்ல சாமான், எனக்கே ஆசையாக இருக்கிறது. குழம்புப் பொடி மட்டும் என்னிடமிருந்து ஒரு வருஷத்துக்கு மொத்தமாக வேண்டுமாம். முடியாது என்றேன். அவர்கள் இரண்டு பேர், வாரத்தில் பாதி நாள் வெளியில் சாப்பாடு. அரைக் கிலோ அனுப்புகிறேன், தீர்ந்ததும் கேள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதிதாக வரும் என்று சொன்னேன். “அப்போ வருஷத்துக்கு நாலு கூரியர் ஆகுமேம்மா” என்றாள். நாலு கூரியர் செலவையும் யார் கொடுப்பது என்பதில்தான் பேச்சு இப்போதைக்கு நிற்கிறது.